கிளட்ச் பிளேட் மாத்தி மூடியாச்சு, இப்ப கிளட்ச் பிரியவே மாட்டேங்குது (ஸ்ப்ளெண்டர்)

ஈரோடு_டூவீலர்:
வணக்கம். வண்டி ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர், 2006 மாடல். டாப் கியர்ல முறுக்கினா ரேஸ் மட்டும் ஏறும், இழுவை இருக்காது. அதனால ஃப்ரிக்‌ஷன் பிளேட், ஸ்டீல் பிளேட், ஸ்பிரிங் நாலு, லிஃப்டர் பிளேட் (ஸ்பிரிங்கை அமுக்குற தட்டு) பேரிங் எல்லாம் புதுசா வாங்கி வீட்டுலயே மாத்தினேன். பாஸ்கெட்டை (பிளேட் எல்லாம் உக்காரும் வெளிக் கூடு) கழட்டலை. பிளேட்ல ஆயில் தடவித்தான் போட்டேன். ரைட் கவருக்குப் புது பேக்கிங், ஆயிலும் புதுசு.

நியூட்ரல்ல ஸ்டார்ட் ஆகுது. கிளட்சை முழுசா பிடிச்சு ஃபர்ஸ்ட் போட்டா வண்டி தாவி ஆஃப் ஆயிடுது. கேபிளை லிவர் பக்கமும் கீழயும் கடைசி வரைக்கும் டைட் வச்சுப் பாத்துட்டேன், அப்பவும் அதே கதை. லிவர் பழையபடி கனமா இல்லை, லேசா வருது. கடைசி அரை அங்குலத்துல மட்டும் கொஞ்சம் பிடிப்பு தெரியுது. பிளேட் ஒட்டிக்கிச்சா? திரும்பக் கழட்டணுமா?

கோவை_ஸ்பேனர்:
பிளேட்டை ஊற வைக்காம போட்டதுதான் காரணம். புது ஃப்ரிக்‌ஷன் பிளேட்டை இன்ஜின் ஆயில்ல ரெண்டு மூணு மணி நேரமாவது முக்கி வைக்கணும், ராத்திரி முழுக்க ஊறினா இன்னும் நல்லது. மேலாக்கத் தடவினா பிளேட்ல ஒட்டியிருக்கிற கார்க் உள்ள ஆயில் இறங்காது. காய்ஞ்ச பிளேட் ஸ்டீலைக் கவ்விக்கும், ரெண்டு நாள்ல கருகவும் செய்யும்.

பழைய_மெக்கானிக்:
தம்பி, ஊற வைக்காதது தப்புதான். ஆனா இப்ப இருக்கிற கோளாறு அது இல்லை. "லிவர் லேசா வருது"ன்னு எழுதினீங்க பாருங்க, விஷயம் அங்கதான் இருக்கு.

பிளேட் ஒட்டிக்கிட்டாலும், ஸ்டீல் வளைஞ்சிருந்தாலும், பாஸ்கெட் பல்லுல பள்ளம் விழுந்திருந்தாலும் லிவர் கனம் குறையாது. லிவர் அழுத்துறது நாலு ஸ்பிரிங்கை. புது ஸ்பிரிங் போட்டா பழசைவிடக் கனமாத்தான் வரணும். லேசா வருதுன்னா லிவர் போறபோது ஸ்பிரிங் அமுங்கலை. ஆர்ம் காத்துல சுத்திட்டு, கடைசியிலதான் லிஃப்டர் பிளேட்டைத் தொடுது. அதான் உங்களுக்குத் தெரியுற அந்த அரை அங்குலப் பிடிப்பு.

கழட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க. கவருக்கு வெளிய இருக்கிற கிளட்ச் ஆர்ம்ல இருந்து கேபிளைக் கழட்டிட்டு, ஆர்மை விரலால தள்ளுங்க. கொஞ்சம் ஆடி, டக்னு பாறை மாதிரி நிக்கணும். நிக்காம பாதி சுத்து வந்துச்சுன்னா உள்ள ஒரு பார்ட் இல்லை. லிஃப்டர் பிளேட் பேரிங்குக்கு நடுவுல காலை விட்டு உக்காரும் லிஃப்டர் பீஸ்னு ஒண்ணு உண்டு. விரல் நுனி அளவுதான் இருக்கும். கவர்ல இருக்கிற லிஃப்டர் அதைத் தள்ளும், அது பேரிங் மூலமா பிளேட்டைத் தள்ளும். பேரிங் மாத்தும்போது பழைய பேரிங்லயே அது ஒட்டிக்கிட்டுப் போயிருக்கும். இல்லைன்னா கவர் மூடுறப்ப நழுவி விழுந்திருக்கும்.

ஈரோடு_டூவீலர்:
அண்ணே, ஆர்ம் நிக்கவே இல்லை, நல்லா சுத்துது. பழைய பேரிங் இன்னும் டப்பாவுலதான் கிடக்கு, அதுல பீஸ் எதுவும் இல்லை.

திருச்சி_100சிசி:
அப்படின்னா அது எங்க இருக்குன்னு தெரியுற வரைக்கும் கிக்கரைத் தொடாதீங்க. கவருக்குள்ள விழுந்திருந்தா பக்கத்துலயே பிரைமரி கியர் (இன்ஜின் சுத்துறதைக் கிளட்சுக்குக் கொடுக்கிற கியர்) சுத்துது. பல்லுக்கு நடுவுல அந்த இரும்புத் துண்டு மாட்டினா கியர் பல் உடையும், கேஸும் விரியும். கிளட்ச் செலவு இன்ஜின் செலவாயிடும்.

ஆயிலை வடிக்கணும்னு கட்டாயம் இல்லை. சைடு ஸ்டாண்டுல போட்டா வண்டி இடது பக்கம் சாயும், ஆயில் அந்தப் பக்கம் ஒதுங்கும். ரைட் கவரைத் திறந்தா கொஞ்சம்தான் சிந்தும். கீழ ஒரு சுத்தமான தட்டு வச்சுக்குங்க. கவர் போல்ட் எல்லாம் ஒரே நீளம் இல்லை. ஒரு அட்டையில கவர் படம் வரைஞ்சு, எந்த ஓட்டையில வந்ததோ அந்த இடத்துல குத்தி வைங்க. நீளமான போல்ட்டைக் குட்டை ஓட்டையில திருகினா அலுமினியம் பிளக்கும்.

பழைய_மெக்கானிக்:
சரியாச் சொன்னாரு. திறந்ததும் திறந்தீங்க, லிஃப்டர் பிளேட்டைப் பிடிச்சிருக்கிற நாலு போல்ட்டையும் கழட்டி இதையும் பாத்துடுங்க.

இந்த வகை கிளட்ச்ல பிளேட்டை எல்லாம் அழுத்துற பிரஷர் பிளேட் உள்பக்கம், ஸ்டீல் பிளேட் பல்லுல மாட்டுற ஹப் வெளிப்பக்கம். பிரஷர் பிளேட்டோட நாலு தூணும் ஹப் ஓட்டை வழியா வெளிய வரும், அதுமேல ஸ்பிரிங், அப்புறம் லிஃப்டர் பிளேட். அடுக்குறப்ப முதலும் ஃப்ரிக்‌ஷன், கடைசியும் ஃப்ரிக்‌ஷன். நடுவுலதான் ஸ்டீல். ஸ்டீல் ஓரத்துல வந்தா அலுமினியத்தைத் தேய்ச்சே தின்னுடும்.

ஸ்டீல் பிளேட் எல்லாம் ஹப் பல்லுல உக்காந்திருக்கான்னு பக்கவாட்டுல எட்டிப் பாருங்க. ஒண்ணு நழுவி ஹப்புக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் இடையில மாட்டிக்கிட்டா ஸ்பிரிங் அழுத்தம் முழுக்க அந்த ஒரு பிளேட் மேலயே போகும், மத்தது இறுகாது. ஓட்டிப் பாத்தா பழையபடி ஸ்லிப் ஆகும், பிளேட் கம்பெனியைத் திட்டுவீங்க.

ஸ்டீல் பிளேட்டைக் கண்ணாடி மேல வச்சு சுத்தி ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்குற மெல்லிய தகடு) விட்டுப் பாருங்க. 0.20 மி.மீ. நுழைஞ்சா அந்தப் பிளேட் வேணாம். கணக்கு லேசானதுதான். நாலு ஃப்ரிக்‌ஷன் பிளேட் இருந்தா தேயுற முகம் எட்டு. லிஃப்டர் மொத்தம் 1.6 மி.மீ. நகருதுன்னு வச்சுக்குங்க, ஒரு முகத்துக்குக் கிடைக்கிற இடைவெளி 0.2 தான். ஒரே ஒரு வளைஞ்ச பிளேட் அதைச் சாப்பிட்டுடும்.

பழைய செட்டையும் புது செட்டையும் தனித்தனியா அடுக்கி வெர்னியர்ல அளந்துக்குங்க. புதுசு கொஞ்சம் தடிமனா இருக்கும், அந்த வித்தியாசம் பழசோட தேய்மானம். ரொம்ப வித்தியாசம் இருந்தா வேற மாடல் பிளேட்டைத் தந்திருக்காங்க.

பாஸ்கெட் விரல்ல ஃப்ரிக்‌ஷன் பிளேட் காது அடிச்சுப் படிப்படியா பள்ளம் விழுந்திருக்கான்னு நகத்தால வருடிப் பாருங்க. நகம் லேசா தட்டினா அரத்தால ஒரே அளவா சீவிக்கலாம். நல்லா மாட்டிக்கிட்டு நின்னா பாஸ்கெட்டை மாத்திடுங்க. ஆழமா சீவினா காதுக்கு இடைவெளி கூடி டக டகன்னு சத்தம் வரும்.

கோவை_ஸ்பேனர்:
லிவர் லேசுங்கிறதை நான் கவனிக்கலை, மெக்கானிக் சொல்றதுதான் சரி. கழட்டுறப்ப அந்த ஃப்ரிக்‌ஷன் பிளேட்டை எப்படியும் ஆயில்ல போட்டுடுங்க. ஆயில் பாட்டில்ல ஜாசோ எம்ஏ (JASO MA, டூவீலர் ஆயிலுக்கான ஜப்பான் தரக் குறியீடு) இருக்கணும். எம்பி ஸ்கூட்டருக்கானது, ஆயில்ல நனையுற கிளட்சுக்கு ஆகாது, வழுக்கும்.

ஈரோடு_டூவீலர்:
கிடைச்சிடுச்சு! கவருக்கு அடியில, அடிப்பகுதி ஓரத்துல ஆயிலோட கிடந்துச்சு. கியர்ல எந்தக் கீறலும் இல்லை. பல் எல்லாம் டார்ச் அடிச்சுப் பாத்தேன். ஸ்டீல் பிளேட்ல ஒண்ணுகூட 0.20 நுழையலை. பிளேட் ஆயில்ல ஊறிட்டிருக்கு. பீஸ் திரும்ப விழாம எப்படி மூடுறது? அந்த நாலு போல்ட்டுக்கு எவ்வளவு டைட்?

பழைய_மெக்கானிக்:
பீஸோட காலுல கெட்டி கிரீஸ் அப்பி பேரிங் ஓட்டைக்குள்ள அழுத்துங்க, ஒட்டிக்கிட்டு நிக்கும். கவரை நேரா கொண்டுபோங்க, சாய்ச்சு நுழைக்காதீங்க. கவரைச் சரியான இடத்துல உக்கார வைக்கிற டவல் பின் ரெண்டும் இருக்கணும். கவர் கையாலயே கேஸோட போய்ப் படியணும். இடைவெளி நின்னா போல்ட்டைத் திருகி இழுக்காதீங்க, உள்ள ஏதோ தடுக்குது, திரும்ப எடுத்துப் பாருங்க.

லிஃப்டர் பிளேட் போல்ட் எம்6. எதிரெதிர் மூலையா ரெண்டு மூணு தடவையில இறுக்கி, கடைசியா 10 முதல் 12 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லைன்னா குட்டை கைப்பிடி போதும். நீளமான பைப் மாட்டி இறுக்கினா பிரஷர் பிளேட் தூண் முறிஞ்சு கையோட வரும்.

இன்னொண்ணு முக்கியம். கேபிளைக் கடைசி வரைக்கும் டைட் வச்சிருக்கீங்க. பீஸைப் போட்டு அப்படியே ஓட்டினா லிவரை விட்டாலும் ஸ்பிரிங் பாதி அமுங்கியே இருக்கும், புது பிளேட் ஒரே நாள்ல கருகும். ரெண்டு அட்ஜஸ்டரையும் முழுசா உள்ள தள்ளிட்டு, லிவர் நுனியில 10 முதல் 20 மி.மீ. பிளே (பிடிப்பு தெரியுறதுக்கு முன்னாடி வர்ற சும்மா ஆட்டம்) வர்ற மாதிரி புதுசா வைங்க. ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசாத் திருப்பினாலும் பிளே மாறக்கூடாது. மாறினா கேபிள் எங்கயோ இழுபடுது.

ஈரோடு_டூவீலர்:
போட்டாச்சு அண்ணே. ஆர்ம் கொஞ்சம் ஆடி டக்னு நிக்குது, லிவர் கனமா வருது. பிளே 15 மி.மீ. வச்சேன். ஃபர்ஸ்ட் சத்தமில்லாம விழுது, நியூட்ரல் கிடைக்குது, டாப்ல ஸ்லிப் இல்லை. காலையில முதல் தடவை கியர் போடுறப்ப மட்டும் லேசா ஒரு உதறல். ரெண்டாவது தடவை இல்லை.

திருச்சி_100சிசி:
ராத்திரி நின்ன வண்டியில பிளேட் ஆயிலோட ஒட்டிக்கிறது, கோளாறு இல்லை. காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி மூணாவது கியர்ல போட்டு, கிளட்சைப் பிடிச்சு வண்டியை முன்னும் பின்னும் தள்ளுங்க, பிரிஞ்சிடும். முதல் 200, 300 கிலோமீட்டருக்குள்ள பிளேட் படிஞ்சு பிளே மாறும், அப்ப ஒரு தடவை திரும்ப அளந்து சரி பண்ணிக்குங்க.