பொம்மைக் காரை வைக்கும் பெட்டிக்குத் தமிழில் என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம்.

என் அக்கா மகள் கோலாலம்பூரில் வடிவமைப்புப் படிக்கிறாள். கடைசி ஆண்டுச் செயல்திட்டமாக, ஒரு பொம்மைக் காரை வைத்துக் காட்ட அக்ரிலிக்கில் பெட்டி செய்திருக்கிறாள். கார் உள்ளங்கையில் அடங்கும் ஹாட் வீல்ஸ், நம் பினாங்குப் பிறையில் உள்ள தொழிற்சாலையில் செய்தது. 3 மி.மீ. தகட்டை லேசரில் வெட்டி, திருகாணியும் பசையும் இல்லாமல் ஒன்றோடொன்று பொருத்தியிருக்கிறாள். முன்தகட்டை மேலே இழுத்தால் காரைக் கையில் எடுத்துவிடலாம்.

அடுத்த வாரம் பட்டர்வொர்த்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில், வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடவேளையில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டப் போகிறாள். விளக்க அட்டை வெள்ளிக்கிழமை காலை அச்சுக்குப் போகிறது. எல்லாம் எழுதிவிட்டேன், பொருளின் பெயர்தான் பாக்கி. மலாயில் 'கோத்தாக் பமேரான்' என்று முடித்துவிடுகிறார்கள். ஷோகேஸ் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. உதவுங்கள்.

*

அண்ணே, காட்சிப் பெட்டி என்று எழுதுங்கள். காட்சிக்கு உரிய பெட்டி. உருபும் பயனும் உடன்தொக்க தொகை, ஒற்று மிகும். பிள்ளைகளுக்கும் புரியும்.

*

புரியாது. இன்று என் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். "காட்சிப் பெட்டி என்றால் என்ன?" என்றதும் பாதிப் பேர் "டிவி, டீச்சர்" என்றார்கள். தொலைக்காட்சிப் பெட்டி என்று நாம்தானே சொல்லிக் கொடுத்தோம்!

கண்ணாடிப் பெட்டி என்றும் வேண்டாம். முதலில், அது கண்ணாடியே இல்லை. அப்புறம், இறந்தவரை வீட்டில் கிடத்தும் பெட்டியையும் அப்படித்தான் சொல்கிறோம். போன ஆண்டு அப்பாவை அதில் வைத்துப் பார்த்தவள் நான். பொம்மைக்கு அந்தப் பெயரை வைக்காதீர்கள்.

*

டீச்சர் சொன்னதை ஏற்கிறேன். தமிழக அருங்காட்சியகங்களில் காட்சிப்பேழை என்ற சொல் நன்றாக ஊன்றிவிட்டது. அதையே எடுத்துக்கொள்வோம்.

பெட்டியை விடுவதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. மலாய்க்காரர்கள் 'பெத்தி' என்பது நம் பெட்டிதான். கப்பலும் கடையும் போன வழியிலேயே அதுவும் போனது. பெத்தி சூரத், பெத்தி செஜூக் என்று அஞ்சல் பெட்டியிலும் குளிர்பதனப் பெட்டியிலும் அவர்கள் நம் சொல்லைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

*

ஐயா, பேழை இங்கே பொருந்தாது. சங்கப் பாடல்களில் பேழ்வாய் என்றால் பெரிய வாய். பேழ் என்பதிலேயே பெருமை இருக்கிறது. பேழை அதிலிருந்து வந்தது என்பது என் துணிபு. நோவா எல்லா உயிர்களையும் ஏற்றிய கலத்துக்குத் தமிழ் விவிலியம் பேழை என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. மண்ணில் தோண்டி எடுப்பது ஈமப்பேழை. டீச்சர் தவிர்க்கச் சொன்ன சாவு இதிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சிறிய பொருளுக்குச் சிறிய சொல் வேண்டும். செப்பு இருக்கிறது, மூடியுள்ள சிறு பெட்டி. 'செப்பின் புணர்ச்சிபோல் கூடினும் கூடாதே' என்று 887ஆம் குறள். செப்பின் மூடி பார்வைக்கு ஒன்றாகப் பொருந்தியிருக்கும், ஆனால் ஒட்டியிருக்காது. இழுத்தால் தனியே வந்துவிடும். உங்கள் அக்கா மகள் பசையில்லாமல் செய்தது அதைத்தானே? நம் பெண்பிள்ளைகள் சொப்புச் சாமான் வைத்து விளையாடுகிறார்களே, அந்தச் சொப்பும் செப்புதான். பொம்மையும் பெட்டியும் ஒரே சொல்லில் சந்திக்கின்றன. காண்செப்பு என்று வையுங்கள். வினைத்தொகை, ஒற்று மிகாது.

காரையும் கார் என்று விட்டுவிட வேண்டாம். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் பத்தாம் பருவம் சிறுதேர் உருட்டல். கையால் உருட்டி விளையாடும் வண்டிக்கு நம்மிடம் பெயர் இருக்கிறது.

*

சிறுதேர் என்று அட்டையில் போட்டால் தைப்பூச இரதத்தின் மாதிரி வடிவம் என்று நினைப்பார்கள். பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயில் ஊர்க்காரர்கள் நாம். கார், காராகவே இருக்கட்டும்.

செப்பு எனக்கும் பிடித்த சொல். ஆனால் செப்பு மூடி மறைப்பது, நாம் கேட்பது திறந்து காட்டுவது. முன்னால் 'காண்' சேர்த்தாலும் பத்து வயதுப் பிள்ளைக்குச் செப்பு என்றால் செம்புதான் நினைவுக்கு வரும். ஷோகேஸில் என்ன குற்றம்? எங்கள் வீட்டில் அம்மாவும் பாட்டியும் அப்படித்தான் சொல்கிறார்கள். அலமாரி போர்த்துகீசியம், அதை யாரும் விரட்டவில்லையே.

*

அலமாரி நம் வாயில் புரண்டு புரண்டு நம் உருவம் பெற்ற சொல். ஷோகேஸில் ஷகரம் அப்படியே நிற்கிறது. பள்ளிக்கூட அட்டையில் வேண்டாம். இது என் உறுதியான கருத்து.

*

எல்லாருக்கும் நன்றி. மணி பத்தாகிறது. காட்சிப்பேழைக்கு ஐந்து பேர், காண்செப்புக்கு இரண்டு பேர், ஷோகேஸுக்கு ஒருவர். காட்சிப்பேழை என்றே அனுப்புகிறேன். என் மனம் செப்பின் பக்கம்தான். குறளைக் காட்டியபோது அக்கா மகள் சிறிது நேரம் பேசவே இல்லை; அப்புறம் தன் குறிப்பேட்டில் பெட்டியின் படத்துக்குக் கீழே 'செப்பு' என்று எழுதிக்கொண்டாள். ஆனால் அட்டையைப் படிக்கப் போவது பிள்ளைகள். வீட்டுக்குப் போய் அவர்கள் தேடினால் கிடைக்கிற சொல்லாக இருக்க வேண்டும்.

*

நல்லது. பெரும்பான்மை ஒப்புக்கொண்டதை மறுக்க மாட்டேன், உடன்படவும் மாட்டேன். அட்டையின் பின்பக்கம் காலியாக இருந்தால் அந்தக் குறளையாவது அச்சிடுங்கள். காட்சிப்பேழையை இரண்டாகப் பிரித்துவிடாதீர்கள், ஒரே சொல்லாக இருக்கட்டும்.