நன்றாக ஆடிய பையன் திடீரென்று தடுமாறுகிறான், வயதுதான் காரணமா?

தண்டையார்பேட்டை அப்பா:
பையனுக்கு 13 வயது. வியாசர்பாடியில் ஃபுட்பால் பயிற்சிக்குப் போகிறான். போன வருஷம் வரை பந்து காலோடு ஒட்டிக்கொண்டு வரும். இப்போது சும்மா வரும் பாஸைக்கூட விடுகிறான். வீட்டில் நிலைப்படியில் தோளை இடித்துக்கொள்கிறான். வாங்கிய ஷூ அதற்குள் பத்தவில்லை. கண்ணு பட்டுவிட்டது என்று பாட்டி சுற்றிப் போட்டாயிற்று. கோச்சோ கவனம் இல்லை என்று திட்டுகிறார். ஹார்மோன் என்கிறார்களே, அது கால் வரைக்குமா வேலை செய்யும்?

ராயபுரம் பிசியோ:
செய்யும் அண்ணா. ஷூ விஷயத்திலேயே பாதி பதில் இருக்கிறது. மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி தூண்ட, அதற்குக் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி வழியாக டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஏறும். அதுவும் வளர்ச்சி ஹார்மோனும் சேர்ந்து எலும்பை நீட்டும். பையன்களுக்குச் சுமார் 13, 14 வயதில் இது உச்சம், வருஷத்துக்கு 9 செ.மீ. வரை ஏறலாம். பெண்பிள்ளைகளுக்கு ஏறக்குறைய இரண்டு வருஷம் முன்னாலேயே வந்துவிடும். முதலில் பாதமும் காலும் நீளும், உடம்பு அப்புறம்தான். மூளை இன்னும் பழைய கால் அளவுக்கே உத்தரவு போட்டுக்கொண்டிருக்கும். பந்து தப்பாமல் என்ன செய்யும்? போதாததற்கு மூளைக்குள்ளும் வேலை நடக்கிறது. டெஸ்டோஸ்டிரோனைப் பிடிக்கும் ஏற்பிகள் மூளை செல்களிலும் உண்டு. வேண்டாத நரம்பு இணைப்புகள் கழிவதும், நரம்பிழைகள் மேல் மயலின் என்ற கொழுப்பு உறை தடிப்பதும் இந்த வயதில் மும்முரம். எல்லாப் பிள்ளைகளும் தடுமாறுவதில்லை, சிலருக்குத்தான். மாதக்கணக்கில் ஆனாலும் சரியாகிவிடும். ஆட்டத்தை நிறுத்தாதீர்கள். ஒற்றைக்காலில் நிற்பது, மெதுவாகப் பந்தை உருட்டிப் போவது இதெல்லாம் தினம் கொஞ்சம் செய்யட்டும். முட்டிக்குக் கீழே எலும்பு மேட்டில் வலித்தால் ஓட்டத்தைக் குறையுங்கள். கோச்சிடம் நானே பேசுகிறேன் வேண்டுமானால்!

காசிமேடு அக்கா:
தம்பி சொல்வது சரி, ஆனால் எல்லாவற்றையும் வயசு தலையில் கட்டாதீங்க. என் மகளுக்குக் காலையில் எழுந்ததும் கை வெடுக்கென்று வெட்டும், டம்ளர் பறக்கும், காபி சுவரெல்லாம். எல்லோரும் வயசுக்கு வந்த பிள்ளை அப்படித்தான் என்றார்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மூளையின் மின் அலையைப் பார்க்கும் இ.இ.ஜி. எடுத்த பிறகுதான் பருவ வயதில் தொடங்கும் ஒருவகை வலிப்பு என்று தெரிந்தது. மாத்திரையில் அடங்கிவிட்டது, ஆனால் தூக்கம் கெட்டால் திரும்ப வரும்.

தண்டையார்பேட்டை அப்பா:
வெட்டெல்லாம் இல்லை அக்கா. ராத்திரி 12 மணி வரை முழித்திருக்கிறான், அதுதான்.

ராயபுரம் பிசியோ:
இந்த வயதில் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் ஹார்மோன் ராத்திரி சுரப்பதே தள்ளிப்போகும், சீக்கிரம் தூக்கம் வராது. ஆனால் 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலைப் பயிற்சியைச் சாயங்காலத்துக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். அப்புறம், போனை ஹாலில் சார்ஜ் போடச் சொல்லுங்கள்.