ஊழியர் நலத்திட்ட ஆலோசகரை அமர்த்த டெண்டர் தேவையா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். சென்னையில் உள்ள மாநில அரசு சார்ந்த வாரியம் ஒன்றின் நிர்வாகப் பிரிவில் பணிபுரிகிறேன். ஊழியர்களின் குழு மருத்துவக் காப்பீட்டையும் பணிக்கொடை நிதியையும் சீர்செய்ய ஆலோசகர் ஒருவரை அமர்த்த வாரியம் முடிவு செய்துள்ளது. ஒரு நிறுவனம் கட்டணமின்றியே செய்து தருவதாகக் கடிதம் கொடுத்திருக்கிறது. செலவே இல்லாதபோது டெண்டர் எதற்கு என்று கணக்குப் பிரிவு கேட்கிறது. என்ன பதில் எழுதலாம்?

பதில் 1:
கட்டணம் வேண்டாம் என்பவர் பெரும்பாலும் ஐஆர்டிஏஐ (காப்பீட்டுத் துறையின் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு பெற்ற காப்பீட்டுத் தரகராக இருப்பார். அவருக்கான கமிஷனைக் காப்பீட்டு நிறுவனம் நீங்கள் கட்டும் பிரீமியத்திலிருந்துதான் கொடுக்கும். அதில் சட்டப்படி குற்றமில்லை. ஆனால், பிரீமியம் கூடினால் தம் வருமானமும் கூடும் நிலையில் உள்ளவரிடமே பிரீமியத்தைக் குறைக்க வழி கேட்பது எப்படிப் பொருந்தும்? அதனால் நிலையான கட்டணத்துக்கு டெண்டர் விட்டே அமர்த்துங்கள். காப்பீட்டு நிறுவனத்திடமோ, அதன் சார்பில் க்ளெய்ம்களைக் கையாளும் டிபிஏவிடமோ எந்தத் தொகையும் பெறமாட்டேன் என்ற உறுதிமொழியைத் தொழில்நுட்ப உறையிலேயே (விலை உறைக்கு முன் திறக்கும், தகுதி விவரங்கள் அடங்கிய உறை) கேளுங்கள். 1998ஆம் ஆண்டு தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் கீழ், தகுதி பெற்றவர்களுள் குறைந்த விலை கேட்டவருக்கே வேலை போகும் என்பதால், தகுதி நிபந்தனைகளை எழுதுவதில்தான் உங்கள் உழைப்பு இருக்க வேண்டும்.

பதில் 2:
காப்பீட்டுத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். பணி விவரத்தில் 'பாலிசியை ஆய்வு செய்தல்' என்று மொட்டையாக எழுதாதீர்கள். கடந்த 3 ஆண்டு க்ளெய்ம் பட்டியலில் கேட்ட தொகை, கொடுத்த தொகை, பிடித்ததற்கான காரணம் ஆகியவற்றை வரிவரியாகப் பார்த்து அறிக்கை தர வேண்டும் என்று எழுதுங்கள். அறை வாடகை உச்சவரம்பு நாளொன்றுக்கு 3,000 ரூபாயாக இருக்கும் பாலிசியில் ஊழியர் 6,000 ரூபாய் அறையில் தங்கினால், வரம்பு அந்த வாடகையில் பாதிதான் என்பதால், விகிதாசாரப் பிடித்தம் என்ற பெயரில் மருத்துவர் கட்டணத்திலும் அறுவை அரங்கக் கட்டணத்திலும் பாதி போய்விடும். சங்கத்தார் வந்து சண்டையிடுவது பெரும்பாலும் இதற்காகத்தான்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. பணிக்கொடையையும் அதே ஆலோசகரிடம் விடலாமா?

பதில் 3:
தனி டெண்டராக வைப்பது நல்லது. பணிக்கொடையாக வருங்காலத்தில் கொடுக்க வேண்டிய தொகையை மதிப்பிட்டுச் சான்றளிப்பது ஆக்சுவரியின் (இத்தகைய தொகைகளைக் கணித முறையில் மதிப்பிடும் வல்லுநர்) வேலை. இந்திய ஆக்சுவரிகள் கழகத்தின் ஃபெல்லோ உறுப்பினராக இருப்பதைத் தகுதியாக வையுங்கள். தரகர் போட்டுத் தரும் எக்செல் தாளைத் தணிக்கையாளர் ஏற்கமாட்டார்.