அனியூரிசம் ரத்தக்கசிவு: ஈவிடி போதுமா, லம்பார் டிரெயினும் வேண்டுமா?

கேள்வி (நியூரோ_முதுநிலை):
அனியூரிசம் (மூளை ரத்தக்குழாயின் பலவீனமான புடைப்பு) வெடித்துச் சப்அரக்னாய்டு ரத்தக்கசிவு (மூளையைச் சுற்றியுள்ள நீர் இடைவெளியில் ரத்தம்), காயிலிங் (புடைப்பைக் கம்பிச்சுருளால் அடைப்பது) முடிந்து இரண்டாம் நாள். வென்ட்ரிகிள் (மூளைக்குள் உள்ள நீர் அறை) வீங்கியதால் ஈவிடி (அந்த நீரை வெளியே வடிக்கும் குழாய்) ஏற்கெனவே இருக்கிறது. சிடியில் பேசல் சிஸ்டர்ன் (மூளையின் அடியிலுள்ள நீர்த்தேக்கம்) முழுக்கக் கெட்டியான ரத்தம். வேசோஸ்பாஸத்தை (மூளை ரத்தக்குழாய் சுருங்குவதை) தடுக்க ஈவிடியையே இறக்கி வைத்து அதிகம் வடித்தால் போதாதா? லம்பார் டிரெயின் (இடுப்புப் பகுதி முதுகுத்தண்டிலிருந்து நீரை வடிக்கும் குழாய்) தனியாக என்ன தருகிறது?

பதில் 1 (சிஎஸ்எஃப்_கணக்கு):
போதாது. ரத்தம் தேங்கி நிற்பது அடியில், சிஸ்டர்ன்களில். ஈவிடி மேலே வென்ட்ரிகிளிலேயே நீரை எடுத்துவிடுவதால், சிஸ்டர்ன் வழியாக ஓடிக் கழுவ வேண்டிய நீர்தான் குறைகிறது. இடுப்பிலிருந்து வடித்தால் ஓட்டம் சிஸ்டர்னைக் கடந்து கீழே வருகிறது, சிதைந்த ரத்தமும் கூடவே வெளியேறுகிறது.

2012இல் வந்த லூமாஸ் ஆய்வில் (210 பேர்) லம்பார் டிரெயினால் தாமத இஸ்கீமியா (சில நாள் கழித்து மூளைக்கு ரத்த ஓட்டம் குறைவது) 35 சதவீதத்திலிருந்து 21ஆகக் குறைந்தது; ஆனால் 6 மாதத்தில் நோயாளியின் நிலையில் வேறுபாடு இல்லை. 2023இல் வந்த எர்லிடிரெயின் ஆய்வில் 287 பேர். மோசமான முடிவு 44.8இலிருந்து 32.6 சதவீதமாக இறங்கியது. அங்கே 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, மணிக்கு 5 மில்லி வீதம், அதிகபட்சம் 8 நாள் வடித்தார்கள். அனியூரிசத்தை அடைத்த பிறகுதான் என்பதை மறக்க வேண்டாம். அடைக்காத அனியூரிசத்தில் மண்டையழுத்தத்தைச் சட்டென்று குறைத்தால், சுவருக்கு வெளியே இருந்த எதிரழுத்தம் போய் மறுபடி வெடிக்கலாம். ஈவிடியையும் அதனால்தான் அப்போது உயரமாக வைக்கிறோம்.

நிமோடிபின் (தாமத இஸ்கீமியாவுக்கு எதிராகத் தரும் மருந்து) 60 மில்லிகிராம், 4 மணிக்கொரு முறை, 21 நாள். டிரெயின் எது வைத்தாலும் இதில் மாற்றமில்லை.

பதில் 2 (ஐசியு_ஷிஃப்ட்):
பேப்பரில் 5 மில்லி சுலபம், படுக்கையருகேதான் சிக்கல். லம்பார் பையைத் திறந்தே விட்டுவிட்டு யாராவது கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினால் சில நிமிடத்தில் 30, 40 மில்லி போய்விடும். மணிக்கொரு முறை திறந்து, 5 மில்லி வந்ததும் மூடுவதே பாதுகாப்பு. நோயாளியைத் திருப்பும்போதும், இருமவைத்து உறிஞ்சும்போதும், சிடிக்கு நகர்த்தும்போதும் இரண்டு டிரெயினையும் மூடுங்கள். இடம் மாற்றியதும் ஈவிடியின் பூஜ்யத்தைக் காதின் டிரேகஸ் (காதுத்துளைக்கு முன் உள்ள சிறு மேடு) மட்டத்துக்கு மறுபடி சரிபார்க்க வேண்டும்.

திறந்திருக்கும் ஈவிடியில் மானிட்டர் காட்டும் அழுத்தத்தை நம்பாதீர்கள். சில நிமிடம் மூடிவிட்டுப் படியுங்கள். சேம்பரின் (நீர் சொட்டும் குடுவையின்) அளவுகோலில் இரண்டு அலகும் இருக்கும்: 10 மிமீ பாதரசம் என்பது சுமார் 13.6 செமீ நீர். ஆர்டரில் வெறுமனே "15" என்று எழுதுவது வம்பு.

வடிவது நின்றால் முதலில் மடிப்பு, மூடிய ஸ்டாப்காக் (குழாயைத் திறந்து மூடும் திருகு), நனைந்த ஃபில்டர். பிறகு சேம்பரைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள், சொட்டுகிறதா என்று. மூளைப்பக்கம் ஃபிளஷ் செய்வது நியூரோசர்ஜனின் வேலை. தினமும் கல்ச்சருக்கு (கிருமிப் பரிசோதனைக்கு) மாதிரி எடுக்காதீர்கள். குழாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கிருமிக்கு வழி.

பதில் 3 (ஸ்கேன்_முதலில்):
லம்பார் டிரெயினுக்கு முன் சிடியைப் பாருங்கள். பேசல் சிஸ்டர்ன் திறந்திருக்க வேண்டும் (ரத்தம் நிறைந்திருப்பது வேறு, வீக்கத்தால் நசுங்கியிருப்பது வேறு). பெரிய ஹெமட்டோமா (ரத்தக்கட்டு), நடுக்கோடு விலகல், மூன்றாம் நான்காம் வென்ட்ரிகிளில் அடைப்பு, இவற்றில் எது இருந்தாலும் கீழிருந்து வடிப்பது மூளையைக் கீழே இழுப்பதற்குச் சமம். கண்மணி விரிந்தால், விழிப்பு மங்கினால் லம்பாரை உடனே மூடி, மட்டமாகப் படுக்கவைத்து, சிடி.

வென்ட்ரிகிள் முழுக்க ரத்தம் உறைந்த மூளைத்திசுக் கசிவு வேறு கதை. அங்கே ஈவிடிதான். 2017இன் கிளியர் 3 ஆய்வில் அதன் வழியே ஆல்டிபிளேஸ் (ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்து) கொடுத்தபோது இறப்பு 29இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. நல்ல நிலைக்குத் திரும்பியவர்கள் கூடவில்லை.

நியூரோ_முதுநிலை:
நன்றி. அப்படியென்றால் ஈவிடியை உயர்த்தி அழுத்தம் பார்க்க வைத்துக்கொண்டு, லம்பாரில் மணிக்கு 5. இரண்டிலும் வருவதைச் சேர்த்தே எழுத வேண்டும், இல்லையா?

ஐசியு_ஷிஃப்ட்:
ஆமாம். ஆனால் தனித்தனி வரிசையில் எழுதிக் கூட்டுங்கள். மொத்தத்தை மட்டும் எழுதினால் எந்தக் குழாய் அடைத்தது என்று தெரியாது.