அமெரிக்கன் மாதிரி உழைக்க எங்கட ஆக்களால் முடியாதா? ஒரு பட்டறைக்காரனின் கேள்வி

சில்லுப்பட்டறை (களுவாஞ்சிகுடி):

ஒரு மாதமாக மனதுக்குள் கிடந்து அரிக்கிற விஷயம், கேட்டுவிடுகிறேன். களுவாஞ்சிகுடிப் பக்கம் சின்னதாக ஒரு வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேட், கிறில் எல்லாம் செய்வோம், ஆனாலும் முக்கிய வருமானம் லான்ட்மாஸ்டருக்கு, அதுதான் வயல் உழுகிற இரண்டு சில்லு டிராக்டருக்கு, சேற்றில் போடுகிற இரும்புச் சில்லுதான், கேஜ் வீல் என்று சொல்லுவோமே, அது. பெரும்போக நெல் விதைப்புத் தொடங்க முன்னம் வாவிக்கு அந்தப் பக்கத்து வயல் ஊர்களான படுவான்கரையில் இருந்து வரிசையாக ஆள் வரும். அந்த இரண்டு மாதம் ஓடினால்தான் எனக்கு வருசம் ஓடும்.

இந்த முறை 40 சோடிக்கு ஓடர் எடுத்தேன். கொடுத்தது 26. வேலைக்கு நின்ற இரண்டு பொடியன்களில் ஒருவன் கட்டாருக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் போகிறேன் என்று போனவன் போனவன்தான். மற்றவன் பத்து மணிக்கு முன் வரமாட்டான், வந்தாலும் போன். இதற்குள் ஒவ்வொரு சில்லும் ஹப்பில் (சில்லைப் பூட்டுகிற நடுப்பாகம்) ஏற்றும்போது போல்ட் ஓட்டை அரை நூல் அங்கே இங்கே தள்ளி நிற்கும், அதை உருண்டை அரத்தால் ராவி ராவிச் சரிப்படுத்தவே எனக்குப் பின்னேரம் முழுக்கப் போய்விடும். ஒரு விவசாயி அட்வான்சைத் திருப்பிக் கேட்டுப் பட்டறை வாசலில் நின்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். அவரில் பிழை இல்லை, மழை அவருக்காக நிற்குமா?

இரவில் நித்திரை வராமல் யூடியூப்பில் அமெரிக்கத் தொழிற்சாலை வீடியோக்களாகப் பார்க்கிறேன். ஹென்றி ஃபோர்ட், ஒன்றுமில்லாமல் தொடங்கி உலகத்தையே ஓட வைத்தவன் என்கிறார்கள். நாலு மணிக்கு எழும்பு, மற்றவன் தூங்கும்போது நீ உழை என்கிறார்கள். பார்க்கப் பார்க்க எங்கட சனத்தில்தான் ஏதோ குறை என்று படுகிறது. என்ட அப்பா 90 இல் சண்டையில் ஒருக்கா, 2004 டிசம்பர் சுனாமியில் ஒருக்கா பட்டறையை முழுசாக இழந்து திரும்பத் தொடங்கினவர், அந்த ஆள் இப்படிப் பேசினதே இல்லை. நான்தான் பேசிக்கொண்டு திரிகிறேன். அந்த உழைப்புப் புத்தி எங்களுக்கு வருமா, வராதா? உங்கட அனுபவத்தைச் சொல்லுங்கோ.

கல்லடிக் காத்து:

உங்கட பட்டறையில் பத்து மணிக்கு வருகிற அதே பொடியன் கட்டாரில் நாலரைக்கு பஸ் ஏறி வெயிலுக்குள் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் நிற்பான். அதே கை, அதே கால். புத்தி பிளேனில் ஏறும்போது மாறுதா அண்ணன்?

சில்லுப்பட்டறை:

அதுதான் எனக்கும் கோபம் தம்பி. அங்கே செய்கிறதை இங்கே ஏன் செய்கிறான் இல்லை?

ஏறாவூர் லைன் அக்கா:

தம்பி, நான் காமன்ட்ஸில், ஆடைத் தொழிற்சாலையில், பதினொரு வருசம். மெஷினில் இருந்து தொடங்கி இப்போது ஒரு லைனுக்கு சூப்பர்வைசர். நீங்கள் வீடியோவில் பார்த்த ஃபோர்ட்டின் கதையில் ஒரு துண்டை வெட்டிவிட்டுத்தான் காட்டியிருக்கிறார்கள்.

1913 இல் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் கார் நகர நகரப் பொருத்துகிற லைனைப் போட்டார்கள். ஒரு காரின் அடிச்சட்டம் பூட்ட முன்னம் பன்னிரண்டரை மணித்தியாலம் பிடித்தது, பிறகு ஒன்றரை மணித்தியாலத்துக்கு வந்தது. சரி, எல்லோரும் இதைச் சொல்லுவார்கள். அந்த வருசம் ஆட்கள் எப்படி ஓடினார்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஏறத்தாழ 14,000 பேர் நிற்க வேண்டிய இடத்துக்கு ஒரே வருசத்தில் 52,000 பேருக்கு மேல் எடுக்க வேண்டி வந்தது. வருகிறான், நாலு நாள் ஒரே ஆணியை முறுக்குகிறான், போகிறான். அமெரிக்கன்தான், அவனும் ஓடினவன்தான். அதற்குப் பிறகுதான் 1914 ஜனவரியில் நாள் சம்பளம் ஐந்து டாலர், எட்டு மணித்தியால வேலை என்று அறிவித்தார்கள். முந்தின சம்பளம் அதில் பாதிக்கும் குறைவு. அறிவித்த உடனே வாசலில் சனம் அலைமோதினது, ஓட்டமும் நின்றது. உழைப்புப் புத்தி ஒரு இரவில் பிறந்ததா? சம்பளம் பிறந்தது.

அதுவும் சும்மா கிடைக்கவில்லை. வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பார்ப்பார்கள், குடிக்கிறானா, வீடு துப்புரவா, காசு சேர்க்கிறானா என்று. பெண்களுக்குத் தொடக்கத்தில் அந்த ஐந்து டாலர் இல்லவே இல்லை. எங்களுக்கு யாரும் வீட்டுக்கு வந்து பார்க்கிறதில்லை, ஆனால் டாய்லெட்டுக்குப் போனால் மணி பார்க்கிற இடம் ஒன்றில் நான் வேலை செய்திருக்கிறேன், அங்கே இரண்டு வருசம்தான் தாக்குப் பிடித்தேன்.

இன்னொன்று, 2025 ஏப்ரலில் அமெரிக்கா எங்கட சாமான்களுக்கு 44% வரி என்று அறிவித்த கிழமை எங்கட லைனில் பிள்ளைகள் எல்லோருக்கும் முகம் செத்துப்போச்சு. பிறகு 30, ஓகஸ்டில் 20 என்று இறங்கினது. தொழிற்சாலைகளைத் திரும்ப அங்கேயே கொண்டு போகத்தான் இந்த வரி என்றார்கள். ஒரு நிமிசத்துக்கு இத்தனை தையல் என்று இங்கே எங்கட பிள்ளைகள் அடிக்கிற அடியை யூடியூப்பில் யாரும் போடவில்லை, அதனால் எங்களுக்கு உழைப்புப் புத்தி இல்லை என்று ஆகிவிடுமா?

நீங்கள் அந்தப் பொடியனுக்கு நாளுக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள்? பதில் இங்கே போட வேண்டாம், உங்களுக்குள்ளே வைத்துக்கொள்ளுங்கோ.

சில்லுப்பட்டறை:

2500 ரூபா, மத்தியானச் சாப்பாட்டோடு. மேசன் வேலைக்குக் கையாளாகப் போனாலே அதற்கு மேல் எடுப்பான். விளங்குது அக்கா.

பாண்டிருப்புப் பென்சனியர்:

மகன், அமெரிக்கனைப் பார்க்க யூடியூப் தேவையில்லை, இங்கினியாகலைக்கு ஒருக்கா போய்வாருங்கள். கல்லோயா நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டத்துக்காக அங்கே உள்ள அணையைக் கட்டினது மொரிசன் நுட்சன் என்ற அமெரிக்கக் கொம்பனி. 1949 இல் வேலை தொடங்கினது, சேனநாயக்க சமுத்திரம் என்று இன்றைக்கு நாங்கள் சொல்கிற குளம் அதில் வந்ததுதான். என் தகப்பனார் அங்கே டோசருக்குக் கிறீஸ் அடிக்கிற ஆளாக நின்றவர். அவர் சொல்லுகிற கதை எப்பவும் ஒன்றுதான். வெள்ளைக்கார மெக்கானிக் காலையில் வந்தால் முதலில் எந்த மெஷினையும் ஸ்டார்ட் பண்ண விடமாட்டாராம். கிறீஸ் நிப்பிள் ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து, அடித்து, பழைய கிறீஸ் மறுபக்கத்தால் பிதுங்கி வரும்வரை பார்த்து, அட்டையில் அடையாளம் போட்ட பிறகுதான் சாவி. எங்கட ஆட்கள் வாய்க்குள் சிரித்தார்களாம், அரை மணித்தியாலம் வீண் என்று. மூன்று மாதம் போக எங்கட ஆட்களே துணியோடு முதல் வந்து நிற்கத் தொடங்கிவிட்டார்களாம். 56 இல் கல்லோயாவில் தமிழருக்கு எதிரான கலவரம் வந்து அவர் அங்கிருந்து உயிர் தப்பி ஓடிவந்தார், அது வேறு கதை. ஓடிவந்தவரின் சட்டைப்பையில் அந்தத் துணி இருந்தது என்று அம்மா பகிடியாகச் சொல்லுவார்.

அந்தக் கொம்பனி 1912 இல் ஐடஹோ மாநிலத்தில் மொரிசன், நுட்சன் என்ற இரண்டு பேர் 600 டாலரோடு தொடங்கினது. முதல் கொன்ட்ராக்டிலேயே நட்டம். பிறகு அமெரிக்காவின் பெரிய ஹூவர் அணையைக் கட்டின ஆறு கொம்பனிகளில் அதுவும் ஒன்று. இங்கே நிறுத்தினால் நீங்கள் பார்க்கிற வீடியோ மாதிரி இருக்கும். நிறுத்தக்கூடாது. 1990களில் தங்கட அணை, பாதை வேலையைவிட்டு ரயில் பெட்டி செய்யப் போனார்கள். தெரியாத தொழில், குறைத்து எழுதின விலை, 1994 இல் மட்டும் 30 கோடி டாலருக்கு மேல் நட்டம், 96 இல் கொம்பனி முறிந்து இன்னொருவர் கைக்குப் போனது. அதே அமெரிக்கர்தான், அதே கொம்பனிதான்.

40 சோடி எடுத்து 26 கொடுத்தேன் என்கிறீர்கள். 40 செய்ய முடியும் என்று எந்தக் கணக்கில் எடுத்தீர்கள்?

சில்லுப்பட்டறை:

கணக்கு இல்லை ஐயா. போன வருசம் 24 செய்தேன், இந்த வருசம் இன்னும் கஷ்டப்பட்டு உழைப்போம் என்று நினைத்தேன்.

ஒஹாயோ மச்சான் (சொந்த ஊர் அக்கரைப்பற்று):

மச்சான், நான் இங்கே ஒரு சிஎன்சி பட்டறையில், கம்ப்யூட்டர் ஓட்டுகிற மெஷினால் இரும்பு கடைகிற இடத்தில், ஒன்பது வருசமாக நிற்கிறேன். ஆறு மணிக்கு ஷிப்ட். நீ நினைக்கிற மாதிரி இங்கே யாரும் ஓடி ஓடி வேலை செய்கிறதில்லை, உண்மையைச் சொன்னால் எங்கட ஊர் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிற ஆள் இவர்களைவிட மூன்று மடங்கு உழைக்கிறான். வித்தியாசம் என்னவென்றால், காலையில் முதல் பீஸ் வந்ததும் மெஷின் நிற்கும். அதை மைக்ரோமீட்டரால் அளந்து, ஆறு இடத்தில் அளவு எழுதி, இன்னொருவர் திரும்ப அளந்து கையெழுத்துப் போட்டால்தான் இரண்டாவது பீஸ் ஓடும். நான் வந்த புதிதில் இது எனக்குப் பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரிந்தது. பாண்டிருப்பு ஐயா சொன்ன கிறீஸ் கதையை வாசித்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

உன்ட கேள்வியில் முக்கியமான வரி பொடியன் பத்து மணிக்கு வருகிறான் என்பதில்லை, பின்னேரம் முழுக்க ஓட்டை ராவுகிறேன் என்பதுதான். சிங்கர் தையல் மெஷின் உன்ட அம்மா வீட்டிலும் இருந்திருக்கும். அந்தக் கொம்பனியே 1851 இல் தொடங்கி 1880கள் வரைக்கும் பாகங்களை அரத்தால் ராவி ராவித்தான் பொருத்தினது, ஒரு மெஷினின் துண்டு மற்றதில் ஏறாது, அதனால் துண்டுகளில் நம்பர் அடித்து வைப்பார்கள். 1880 அளவில் வருசத்துக்கு ஐந்து லட்சம் மெஷின் விற்கிற நேரத்தில்தான் இனி ராவிக் கட்டாது என்று சரியான ஜிக் (துளைக்கு வழிகாட்டுகிற அச்சு), கேஜ் (அளவு சரிபார்க்கிற கருவி) பக்கம் திரும்பினார்கள். அதுவரைக்கும் அவர்களை ஓட்டினது தவணைக்கு விற்ற கெட்டித்தனம், 1856 இலேயே தொடங்கிவிட்டார்கள்.

மறுகா, ஆட்களில் பிழை என்று சொல்லுகிறவர்களுக்கு நான் எப்பவும் சொல்லுகிற கதை ஒன்று. கலிபோர்னியாவில் ஃப்ரிமொன்ட் என்ற இடத்தில் ஜெனரல் மோட்டர்ஸுக்கு ஒரு தொழிற்சாலை. வேலைக்கு வராதவர்கள் ஐந்தில் ஒருவர், தண்ணி, சண்டை, வேண்டுமென்றே காரைக் கெடுக்கிறது, எல்லாம். 1982 இல் மூடினார்கள். டொயோட்டாவும் சேர்ந்து 1984 இல் அதையே திறந்தது, எடுத்த ஆட்களில் பெரும்பகுதி அதே பழைய ஆட்கள், அதே தொழிற்சங்கம். கொஞ்சப் பேரை ஜப்பானுக்கு அனுப்பிப் பழக்கினார்கள், பிழை கண்டால் யாரும் கயிற்றை இழுத்து லைனை நிற்பாட்டலாம் என்றார்கள். கார்களின் தரம் ஜப்பானில் செய்கிறதுக்குக் கிட்ட வந்துவிட்டது, வராமல் நிற்கிறவர்களும் நூற்றுக்கு இரண்டு மூன்றாகிப் போனார்கள். 2010 இல் அது மூடி, இப்போது டெஸ்லா அங்கேதான் கார் செய்கிறது. ஜெனரல் மோட்டர்ஸ் அந்தப் பாடத்தைத் தன் மற்றத் தொழிற்சாலைகளுக்குக் கொண்டு போக எத்தனையோ வருசம் எடுத்தது. பொறாமை, மேசைச் சண்டை, எங்கட கோயில் நிர்வாகம் மாதிரித்தான்.

நீ செய்ய வேண்டியது: பத்து மில்லிமீட்டர் தகட்டில் ஹப்பின் ஓட்டைகளை ஒரு முறை ஒழுங்காக அளந்து போட்டு ஒரு ஜிக் செய். இனி எந்தத் தட்டுக்கும் அளந்து புள்ளி குத்த வேண்டாம், ஜிக்கை மேலே வைத்துப் பிடித்துத் துளை போடு. வளையம் வளைக்கவும் தரையில் ஒரு அச்சு பதித்துவை.

மருதமுனைக் காக்கா:

மகன், எல்லோரும் நல்லாத்தான் சொல்லியிருக்கிறார்கள், ஒன்றை விட்டுவிட்டார்கள். எங்கட குடும்பம் தறி. நான் ஒருக்கா விழுந்தவன். நாங்கள் நெய்த சாரம் (லுங்கி) எடுத்த வியாபாரி தந்த செக் திரும்பினது, நான் நூலுக்குக் கொடுத்த செக்கும் திரும்பினது, வங்கிகள் பார்க்கிற கடன் பதிவேடான கிரிப்பில் பெயர் விழுந்தது. பிறகு எந்த வங்கிக்குப் போனாலும் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்ப்பார்கள். ஆறு வருசம் மற்றவனின் தறியில் நெய்தேன்.

உங்கட ஃபோர்ட் முதல் கார்க் கொம்பனி மூடி, இரண்டாவதைவிட்டு விலகி, மூன்றாவதாக 1903 இல் தொடங்கினதுதான் நிலைத்தது. தக்காளி சோஸ் ஹைன்ஸ் 1875 இல் வங்குரோத்து, அடுத்த வருசமே தம்பியோடும் ஒன்றுவிட்ட சகோதரனோடும் திரும்பத் தொடங்கினார், பழைய கடனையும் பிறகு அடைத்தார். அங்கே விழுந்தவன் எழும்ப சட்டத்திலேயே ஒரு படி வைத்திருக்கிறார்கள். இங்கே உங்கட வாப்பா இரண்டு தரம் எல்லாம் போய் எழும்பினவர், சட்டமும் இல்லை, வங்கியும் இல்லை. அந்த ஆளின் மகன் உழைப்புப் புத்தியை யூடியூப்பில் தேடுகிறாரா?

சில்லுப்பட்டறை:

காக்கா, இதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டேன். அப்பாவிடம் காட்டினேன், 'ம்' என்றார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகு 2004 இல் கடன் தந்த இரும்புக்கடை முதலாளியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார், நிற்பாட்டவே இல்லை.

(மூன்று கிழமைக்குப் பிறகு) தகவல் சொல்ல வந்தேன். ஜிக் செய்துவிட்டேன், முதலாவது பிழைத்தது, இரண்டாவது சரி. ஆறு சோடி செய்தேன், அரத்தைத் தொடவில்லை, வலப்பக்கச் சில்லை இடப்பக்கத்துக்கு மாற்றிப் போட்டாலும் ஏறுது. பொடியனுக்கு சோடிக் கணக்கில் பேசிவிட்டேன், இப்போது எட்டரைக்கு வருகிறான். எட்டு இல்லை, எட்டரை. அடுத்த போகத்துக்கு 30 சோடிக்கு மேல் எடுக்கிறதில்லை என்று அட்டையில் எழுதி மாட்டியிருக்கிறேன். ஒரு பிரச்சினை, ஜிக்கின் ஓட்டை துளையடிக்க அடிக்க அகலுது. ஒஹாயோ மச்சான், என்ன செய்யலாம்?

ஒஹாயோ மச்சான்:

ஓட்டையைப் பெரிதாக்கி அதற்குள் பழைய பேரிங்கின் உள்வளையத்தை இறுக்கி ஏற்று, அது பதப்படுத்தின இரும்பு, லேசில் தேயாது. உன்ட துளை அளவுக்கு உள்விட்டம் சரியாக வருகிற பேரிங்காகப் பார்த்து எடு. கல்முனையில் மோட்டார்சைக்கிள் கராஜில் கேட்டால் சும்மாவே தருவார்கள், ஒரு டீ வாங்கிக் கொடு.