ரெஜெக்ஸ்: கமெண்டை விட்டுவிட்டுத் தமிழ் வாசகங்களை மட்டும் எடுக்க வேண்டும்

சென்னை தரமணியில் வேலை. ஒரு பழைய பில்லிங் மென்பொருளின் சோர்ஸ் கோடில், மேற்கோளுக்குள் இருக்கும் தமிழ் வாசகங்களை மட்டும் தனிக் கோப்பாக எடுக்க வேண்டும். பைதான் 3.11, விண்டோஸ். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும்.

முதலில் ரெஜெக்ஸில் (வடிவத்தைக் கொடுத்து உரையைத் தேடும் முறை) எழுத்து, எண்களைக் குறிக்கும் பேக்ஸ்லாஷ் டபிள்யூ போட்டேன். ‘ரசீது’ என்பது ‘ரச’, ‘த’ என்று உடைந்து வந்தது. பைதானில் ரெஜெக்ஸுக்கான ‘ரீ’ மாட்யூல் உயிர்க்குறிகளை எழுத்தாக எடுத்துக்கொள்வதில்லை. யூனிகோடின் தமிழ் வரம்பை நேரடியாகக் கொடுத்ததும் அது சரியாகிவிட்டது.

அப்புறம்தான் பெரிய சிக்கல். கமெண்டில், அதாவது ஹேஷ் குறிக்குப் பின் கோடு எழுதியவர் வைத்த குறிப்பில், உள்ள தமிழும் சேர்ந்தே வருகிறது. ஹேஷ் குறியிலிருந்து வரி முடியும்வரை வெட்டினால், "பில் எண் #" என்ற வாசகமே பாதியில் அறுந்துபோகிறது. லுக்அஹெட் (அடுத்து என்ன வருகிறது என்று முன்பார்த்துப் பொருத்துவது) போட்டும் பார்த்தேன், மூன்று மேற்கோள் வரும் இடங்களில் குழம்புகிறது.

இதை ஒரே பேட்டர்னில் முடிக்க வழி இருக்கிறதா, இல்லை பைதான் கோடைத் துண்டுதுண்டாகப் பிரித்துத் தரும் ‘டோக்கனைஸ்’ மாட்யூலுக்கே போய்விடலாமா?