புதுப்பிப்பு: கொல்லிமலை ஆகாயகங்கை, முட்டிவலி உள்ளவர்களோடு

முட்டிவலி உள்ள அப்பா அம்மாவை ஆகாயகங்கை அருவிக்குக் கூட்டிப்போக முடியுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. போய் வந்தாச்சு.

பலன் தந்தது, "பெரியவர்களுக்கு மாசிலா அருவி, மற்றவர்களுக்கு ஆகாயகங்கை" என்று பிரிக்கச் சொன்ன யோசனைதான். அதே மலையில் இருக்கும் மாசிலாவில் படி கொஞ்சம்தான், தண்ணீரும் மென்மையாக விழும். ஆகாயகங்கைக்கு அறப்பளீசுவரர் கோயில் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கு மேல் படி. பல இடங்களில் படி உயரம் முழங்கால் அளவுக்கு வரும். இறங்குவது முட்டியைப் பதம் பார்க்கும், ஏறுவது மூச்சை வாங்கும். காலையிலேயே இறங்குங்கள், மாலைக்கு முன்பே நுழைவுச்சீட்டு கொடுப்பதை நிறுத்திவிடுகிறார்கள். படியில் குரங்குத் தொல்லை உண்டு, கையில் நெகிழிப்பை தெரிந்தால் பிடுங்கிவிடும்.

எதிர்பாராதது: ஆகாயகங்கை சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுவதால் நேர் கீழே நிற்கவே முடியவில்லை. பத்தடி தள்ளி நின்றாலே சாரல் முழுசாய் நனைத்துவிடும், கண் திறக்க முடியாது. குளிக்கிற நினைப்பில் போகிறவர்கள் மாசிலாவுக்கே போகலாம். பலத்த மழை பெய்தால் ஆகாயகங்கையை மூடிவிடுவார்கள், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மலையடிவாரக் காரவள்ளியிலிருந்து ஏறும் வழியில் 70 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே வாருங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிக் கருகல் வாடை வரும், அதற்குமேல் பிரேக் பிடிக்காது. ஏறி வரும் வண்டிக்குத்தான் முதலில் வழி. வாந்தி வருகிறவர்களை முன்சீட்டில் உட்காரவையுங்கள். வயிறுமுட்டச் சாப்பிட்டு ஏறவேண்டாம்.